வாய்க்கால வெட்டுனது யாரு?

அய்யய்ய, நீங்களுமா! "இதெல்லாம் நீங்களே வெளைய வச்சதா"ன்னு கேட்டுட்டீங்களே தங்கச்சி! வேற எதையாவது கேட்டிருக்கலாம். கேரட்டு இனிக்குமா, கோசு எத்தன நாளு தாங்கும்... என்ன வேணாலும் கேளுங்க, சொல்றேன். இந்த 'வைக்கிறது' மட்டும் வேணாம். வெளைய வைக்கிறது, வெட்ட வைக்கிறது, செய்ய வைக்கிறது... காதுல விழுந்தாலே எனக்கு இங்க, இந்த நெத்திப்பொட்டுல விண்ணுன்னு தெறிக்குது.

இல்லல்ல, கோவம் உங்க மேல இல்ல. உக்காருங்க. அந்த வாளியக் கவுத்துப் போட்டு உக்காருங்க. உங்க டயரு இப்போதைக்கு ஆவாது. இந்த வைசன் இருக்கானே, ஒரு போல்ட்டக் கழட்டுனா எண்ணெயில பொரிச்ச மண்டாசி ஒண்ணு திம்பான், அடுத்த போல்ட்டுக்கு டீ குடிப்பான். நல்ல வேலக்காரன்தான், கொற சொல்லக் கூடாது. ஆனா அவசரம்னா என்னன்னு அவனப் பெத்தவங்க சொல்லிக் குடுக்கல.

இப்ப பாருங்க. டயர நீங்களா மாத்துறீங்க? இல்ல. வைசன் மாத்துறான். நீங்க மாத்த வைக்கிறீங்க. ஆனா வீட்டுக்குப் போயி என்ன சொல்லுவீங்க? "லிசுலு சந்தைகிட்ட டயரு பஞ்சராயிருச்சு, மாத்திட்டு வந்தேன்"னுதான சொல்லுவீங்க? உங்க வீட்டுக்காரரு, "அடியே, நீயா மாத்துன?"ன்னு கேப்பாரா? மாட்டாரு. மனுசங்களுக்கு மனுசங்க பேச்சு புரியும். ஆனா இங்கிலீசுல அப்படிச் சொல்லக் கூடாதாம்! சொன்னா நீங்களே வண்டிக்கு அடியில படுத்து, ஸ்பேனர வாயில கடிச்சுக்கிட்டு மாத்துன மாதிரி ஆயிருமாம்!

யாரு சொன்னாங்களா? சம்பானி வாத்தியாருதான். வேற யாரு சொல்லுவா. நம்ம பள்ளிக்கூடத்துல சாயங்காலம் பெரியவங்களுக்கு இங்கிலீசு சொல்லித் தாராரு. ஒல்லியா, உசரமா, சாக்பீசுக்குக் கோட்டு மாட்டிவிட்ட மாதிரி இருப்பாரு. தங்கமான மனுசன். ஆனா இலக்கணம்னு வந்துட்டா பெத்த தாயக்கூட பெயிலாக்கிருவாரு.

நானாவா போயிச் சேந்தேன்? நல்லாக் கேட்டீங்க. எங்க தோட்டக்காரப் பொம்பளைங்க சங்கம்தான் என்னத் தள்ளி விட்டுச்சு. ஆபீசுல இருந்து எது வந்தாலும் இங்கிலீசு. வந்தவன் வாயத் தொறந்தா இங்கிலீசு. "எலுபி, நீதான் எட்டாவது வரைக்கும் போனவ. நீ போயிப் படி, எங்களுக்கும் சேத்துப் பேசு"ன்னாங்க. அதுலயும் அந்த நாசிபெகோ இருக்காளே, என் பக்கத்துத் தோட்டக்காரி, அவ சொன்னா யாரும் மறுத்துப் பேச முடியாது. குரலே அப்படி. அவ வீட்டுல ஆட்டுக்குட்டியக் கூப்புட்டா, அடுத்த ஊரு ஆடெல்லாம் ஓடி வரும்.

சரி, போனேன். நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. ஒருநாளு வாத்தியாரு வந்தாரு, போர்டுல நாலு வார்த்த எழுதுனாரு. மேக். லெட். கெட். ஹேவ். "இன்னைக்கு நாம, ஒரு வேலையத் தானே செய்யாம அடுத்தவங்களச் செய்ய வைக்கிறத எப்படிச் சொல்றதுன்னு பாக்கப் போறோம்"னாரு. பின் பெஞ்சுல இருந்து ஒருத்தி, "சார், அதுல எங்க வீட்டுக்காரரு கெட்டிக்காரரு, அவரக் கூட்டியாரட்டுமா?"ன்னா! வகுப்பே சிரிச்சு உருண்டுச்சு. வாத்தியாரு சிரிக்கல. 

மேக்னா, புடிச்சு உக்கார வச்சு, வேற வழியே இல்லாமச் செய்ய வைக்கிறதாம். லெட்னா, தடுக்காமச் செய்ய விடுறதாம். கெட்னா, கெஞ்சிக் கூத்தாடி, தாஜா பண்ணிச் செய்ய வைக்கிறது. ஹேவ்னா, வாயத் தொறந்து சொன்னாப் போதும், வேல நடந்துரும். அது மொதலாளி வார்த்த. பாத்தீங்களா? நம்ம பாஷையில இந்த ரோதனை உண்டா சொல்லுங்க. 'கும்பா'ன்னா வெட்டு. பின்னாடி ஒரு வால ஒட்டி 'கும்பிட்சா'ன்னா வெட்ட வை. முடிஞ்சுபோச்சு! கெஞ்சி வெட்ட வச்சியா, மெரட்டி வெட்ட வச்சியாங்கறது உன் மூஞ்சியப் பாத்தாத் தெரியப் போகுது. அதுக்குப் போயி ஆளுக்கொரு வார்த்தையா!

அத்தோட விட்டாரா? அந்த ஹேவ் இருக்கே, முடிஞ்சுபோன வேலைன்னா ஹேட், அதுல இன்னொரு வெனையும் இருக்குன்னாரு. பொருள நடுவுல போட்டு, வேலையக் கடைசில போட்டா, அந்த வேலைய வேற யாரோ செஞ்சு குடுத்தாங்கன்னு அர்த்தம். 'ஐ ஹேட் மை ஹேர் கட்.' அதாவது, என் முடிய இன்னொருத்தர் வெட்டி விட்டாரு. எடத்த மாத்திப் போட்டீங்க... 'ஐ ஹேட் கட் மை ஹேர்'... போச்சு, கத்திரிய நீங்களே கையில எடுத்துட்டீங்க. அதே வார்த்தைங்கதான் தங்கச்சி! ஒண்ணும் கூடல, ஒண்ணும் கொறையல. பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேரு நாற்காலி மாத்தி உக்காந்த மாதிரி, அவ்ளோதான். அதுக்குள்ள வேல செஞ்ச ஆளே மாறிப்போயிருது!

எனக்கு அது என்னமோ ரொம்பப் புடிச்சுப் போச்சு. புதுசாத் தச்ச சட்டைய எங்க போனாலும் போட்டுக்கிட்டுப் போவமே, அப்படி. மில்லுல சோளம் அரைச்சுக்கிட்டு வந்தா, 'ஐ ஹேட் மை மெய்ஸ் கிரவுண்ட்'டும்பேன். செருப்பத் தைக்கக் குடுத்து வாங்குனா அதையும் சொல்லுவேன். யாருகிட்டயா? யாரு இருக்கா கேக்க, ஆட்டுகிட்டதான்.

அந்தக் கேரட்ட ஒடச்சுத் தின்னு பாருங்க. சும்மா தின்னுங்க. இனிக்குதா? இனிக்கும். அது எங்க வாய்க்கால் தண்ணியில வந்தது. அந்த வாய்க்காலாலதான் இவ்வளவும்.

மலையடிவாரத்துல ஒரு ஓடை இருக்கு, எப்பவும் வத்தாது. எங்க தோட்டமெல்லாம் இந்தப் பக்கம் கீழ. நடுவுல காஞ்ச மேடு. வாளிய நெறச்சு, தலையில வச்சு, சொமந்து சொமந்து எங்க கழுத்தெல்லாம் ஆமைக் கழுத்து மாதிரி உள்ள போயிருச்சு. ஒருநாளு நாசிபெகோ வாளியக் கீழ போட்டுட்டு, "இனிமே நான் தண்ணிகிட்டப் போவ மாட்டேன், தண்ணி எங்கிட்ட வரட்டும்"னா. அப்படித்தான் ஆரம்பிச்சது. மழ நின்னதும் மம்புட்டியத் தூக்குனோம், அடுத்த மழைக்கு முன்னாடி முடிக்கணும்னு. காலையில வீட்டு வேல, அப்புறம் வாய்க்கால். நடுவுல ஒரு பாற. தீயப் போட்டுச் சுட வச்சு, பச்சத் தண்ணிய ஊத்திப் பாத்தோம். அது எங்களப் பாத்துச் சிரிச்சுச்சு. சரி, நீ பெரியவன், நீயே இருந்துக்கன்னு சுத்திக்கிட்டு வெட்டுனோம்.

ஆம்பளைங்க? வந்தாங்க. பாக்க வந்தாங்க. அதுலயும் சிபோண்டா ஐயா தெனமும் வருவாரு. சின்ன லாரி ஒண்ணு வச்சிருக்காரு, சிமெண்டு கலக்குற மெசினு ஒண்ணு வச்சிருக்காரு, காண்ட்ராக்டரு. எங்க சர்ச்சு சபையில மூப்பரு வேற. லாரிய நிறுத்தி, சன்னல் வழியாத் தலைய நீட்டி, "என்ன, கோழிங்க மண்ணக் கெளறுதா? புழு கெடச்சுதா?"ம்பாரு. புழுதிய எங்க மேல அள்ளி எறச்சுட்டுப் போவாரு. ஒருநாளு நாசிபெகோ திரும்பிப் பாத்து, "புழு லாரியில போகுது ஐயா"ன்னுட்டா. அன்னையில இருந்து அவரு வர்றத நிறுத்திட்டாரு.

கடைசித் தோட்டத்துக்குப் போற ஒரு துண்டு மட்டும் பாக்கி, மத்ததெல்லாம் வெட்டி முடிச்சோம். தண்ணி வந்துச்சு. மொத மொத அந்த மண்ணு மேல தண்ணி நாக்கு நீட்டிக்கிட்டு ஊர்ந்து வந்துச்சு பாருங்க... கெழவிங்க எல்லாம் சேத்துல உக்காந்து அழுதாங்க. நானும்தான்.

அப்பதான் தலைநகரத்துல இருந்து சேதி வருது. தண்ணிக் குழாயும் தொட்டியும் குடுக்குற அமைப்பு ஒண்ணு இருக்கு, அவங்க பாக்க வாராங்கன்னு. அவங்களுக்கு ஒரு சட்டம். தானே வேல செஞ்ச ஊருக்குத்தான் குடுப்பாங்க. காசு குடுத்து ஆள வச்சுச் செஞ்சிருந்தா, "ஒங்களுக்குத்தான் காசு இருக்கே"ன்னு போயிருவாங்க. ஞாயந்தான? சரின்னு ஒத்துக்கிட்டோம். வந்தது ஒரு கென்யாக்காரம்மா. ஜெலகாட்டுன்னு பேரு. இஞ்சினியரு. நம்ம பாஷ தெரியாது. மொழிபெயர்க்க வர வேண்டிய பையனுக்குக் காய்ச்சலு. ஊரே என்னப் பாக்குது. நாசிபெகோ என் முதுகுல கைய வச்சு ஒரு தள்ளு தள்ளுனா. நான் முன்னாடி வந்து நின்னேன்.

சிபோண்டா ஐயாவும் வந்திருந்தாரு. ஊர்த் தலைவரு விருந்தாளிய வரவேக்கச் சொல்லிருந்தாராம். கோட்டு, பாலிஷ் போட்ட சூ, கழுத்துல டை. வாய்க்கால் ஓரத்துல காலு படாமக் கொக்கு மாதிரி நின்னாரு.

நான் ஆரம்பிச்சேன். "வெல்கம் மேடம்." கைதட்டு. "வி ஆர் ஹேப்பி." கைதட்டு. அப்புறம் என்ன சொல்லணும்? நீங்க வர்றதுக்கு முன்னாடியே நாங்க வாய்க்கால வெட்டிட்டோம். 'வி ஹேட் டக் த கெனால்.' இதான் சொல்லணும். எனக்கு நல்லாத் தெரியும். ராத்திரி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பாத்ததுதான். ஆனா அந்தப் புதுச் சட்ட இருக்கே, அது எங்க என்ன சும்மா விட்டுச்சு? நெஞ்ச நிமித்திக்கிட்டு, ஊரே கேக்குற மாதிரி, "வி ஹேட் த கெனால் டக்!"குன்னுட்டேன்.

ஆமா தங்கச்சி. நாங்க ஆள வச்சு வாய்க்கால வெட்ட வச்சோம்னு சொல்லிட்டேன்.

அந்தம்மா மூஞ்சி மாறுச்சு. "அப்படியா? யாரு வெட்டுனது?"ன்னாங்க. நான் அடுத்த வாக்கியத்தத் தேடிக்கிட்டு இருக்கேன், கேட்டதே சரியாக் காதுல ஏறல. அதுக்குள்ள அந்த மனுசன்... நான் கனவுலயும் நெனக்கல... சிபோண்டா ஐயா டையச் சரி பண்ணிக்கிட்டு ஒரு எட்டு முன்னால வந்து, "நான்தான் மேடம். காண்ட்ராக்டர் சிபோண்டா"ன்னு கைய நீட்டுறாரு! காண்ட்ராக்டு பேசுற அளவுக்கு அவருக்கு இங்கிலீசு உண்டு. அந்தம்மாவும் கையக் குலுக்குனாங்க. "வேல நல்லா இருக்கு"ன்னாங்க. சொல்லிக்கிட்டே பைய மூட ஆரம்பிச்சுட்டாங்க.

இந்தப் பக்கம் எங்க பொம்பளைங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? கை குலுக்குறதப் பாத்துட்டு, ஏதோ நல்ல காரியம் நடந்துருச்சுன்னு நெனச்சு, கை தட்டுனாங்க. அந்த மனுசனுக்கு! காப்புக் காய்ச்ச கையி தட்டுனா சத்தமே வேற மாதிரி வரும் தங்கச்சி. கட்ட மேல கட்ட அடிச்ச மாதிரி. அந்தச் சத்தம் கேட்டதும்தான் எனக்கு விஷயமே ஒறச்சுது.

"இல்ல மேடம், இல்ல! அவரு இல்ல! நாங்க!"ன்னு கத்துனேன். அந்தம்மா ரொம்பப் பொறுமையா, "நீங்கதானே இப்போ ஆள வச்சு வெட்டுனோம்னு சொன்னீங்க?"ன்னாங்க. நாற்காலி மாறி உக்காந்துருச்சுன்னா சொல்ல முடியும்? திரும்பி நின்னு பொம்பளைங்ககிட்ட நம்ம பாஷையில எல்லாத்தையும் ஒளறிக் கொட்டிட்டேன். "கை தட்டாதீங்கடி! வாய்க்கால அவருதான் வெட்டுனாருன்னு சொல்லிட்டு நிக்கிறாரு!"ன்னேன்.

கைதட்டு நின்னுச்சு. அப்புறம் நாசிபெகோ நடந்து வந்தா. கோவமே இல்ல மூஞ்சில, அதான் பயமா இருந்துச்சு. "ரொம்ப நல்லதாப் போச்சு. அந்தக் கடைசித் தோட்டத்துக்கு இன்னும் ஒரு துண்டு பாக்கி கெடக்கே. காண்ட்ராக்டரு அதையும் முடிச்சுக் குடுத்துரட்டும்"னு மம்புட்டிய அவரு கையில குடுத்தா. அவரு, "இப்பவா? கோட்டு..."ன்னாரு. ஒருத்தி கோட்ட வாங்கிக்கிட்டா. "டை..." இன்னொருத்தி டைய வாங்கிக்கிட்டா. சுத்தி நின்னுட்டாங்க. ஒருத்தரும் அவரத் தொடல, மெரட்டல. வழியும் விடல, அவ்ளோதான்.

மம்புட்டியக் கொட புடிக்கிற மாதிரி புடிச்சிருந்தாரு. ஒரு போடு போட்டாரு. அது மண்ணுல படல, பாலிஷ் போட்ட சூவுல பட்டுச்சு. ரெண்டாவது போடுல மம்புட்டி மண்ணுல மாட்டிக்கிட்டு வரவே இல்ல. மூணாவது அவரே வாய்க்காலுக்குள்ள இருந்தாரு. நாங்க வெட்டுன வாய்க்காலுக்குள்ள! தண்ணி முழங்கால் வரைக்கும். அன்னைக்குத்தான் மொத மொதலா அந்த வாய்க்காலோட ஆழத்த அவரு முழுசா ஒத்துக்கிட்டாரு.

அந்தம்மா என்னப் பாத்து, "என்னதான் நடக்குது இங்க?"ன்னாங்க. அப்ப வந்துச்சு பாருங்க வார்த்த, தேடாமலே வந்துச்சு. "தே ஆர் மேக்கிங் ஹிம் டிக், மேடம்!" இவங்க அவர வெட்ட வைக்கிறாங்க! வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க பாருங்க, கண்ணுல தண்ணி வந்துருச்சு. அதுக்குள்ள எங்காளுங்க துணிய இடுப்புல எறுக்கிக் கட்டிக்கிட்டு, பாட்ட எடுத்துவிட்டு, வரிசையா எறங்கி அந்த மீதித் துண்டப் பொளந்து தள்ளிட்டாங்க. மம்புட்டி எல்லாம் ஒண்ணா மேல போகுது, ஒண்ணாக் கீழ வருது. அத ஒரு தடவ பாத்துட்டா, வெட்டுனது யாருன்னு எந்த இஞ்சினியரும் கேக்க மாட்டாங்க.

ஆனா அந்தம்மா நல்லவங்க. என்னத் தனியாக் கூப்புட்டு ஒரு கேள்வி கேட்டாங்க. "உங்கள ஊர்த் தலைவரோ, வேற யாரோ கட்டாயப்படுத்தி இத வெட்ட வச்சாங்களா?" சில ஊர்ல அப்படி நடக்குமாமே. நான் நெஞ்சுல கைய வச்சு, உசுரக் குடுத்துச் சொன்னேன். "நோபடி மேட் அஸ் டிக்!" யாரும் எங்கள வெட்ட வைக்கல. நாங்களா வெட்டுனோம். ஒரு தப்பும் இல்ல அதுல! ஆனா 'நோபடி மேட் அஸ்'னு சொல்லி, 'டிக்'குன்னு வாயத் தொறக்கறதுக்குள்ள, தண்ணி கடைசித் தோட்டத்துல போயி விழுந்துருச்சு. அம்புட்டுப் பேரும் குலவை போட்டாங்க. என் 'டிக்கு' அந்தக் குலவையில மூழ்கிப் போச்சு. அந்தம்மா என் ஒதட்டப் பாத்தே புரிஞ்சுக்கிட்டாங்க. ஆனா சேத்துல இருந்து ஏறி வந்துக்கிட்டு இருந்தாரே ஒருத்தரு... அவரு காதுல விழுந்தது 'நோபடி மேட் அஸ்' மட்டும்தான்.

இங்கிலீசுல மேக்னா செய்ய வைக்கிறது மட்டும் இல்லயாம் தங்கச்சி, படைக்கிறதும் மேக்குதானாம்! யாரும் எங்களப் படைக்கல! எப்படி இருக்கு கத?

அடுத்த ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்சதும் போதகரு, "எலுபி, கொஞ்சம் இரும்மா"ன்னாரு. முன்னாடி பெஞ்சுல சிபோண்டா மூப்பரு, வேதாகமத்த மடியில வச்சுக்கிட்டு. "இவ வெளிநாட்டு விருந்தாளி முன்னாடி, எங்களக் கர்த்தர் படைக்கலன்னு கூசாமச் சொன்னா. என் ரெண்டு காதால கேட்டேன். இவளப் பாட்டுக் குழுவுல இருந்து நீக்கணும், திருவிருந்துலயும் சேக்கக் கூடாது." சிரிக்காதீங்க, அப்ப சிரிப்பா இல்ல. எங்கம்மா அந்தச் சபையிலதான் எனக்குப் பேரு வச்சா. எம் புருசன அங்கதான் கட்டுனேன், அங்கதான் பொதச்சேன். அந்தப் பாட்டுக் குழுவுல நிக்கிற நேரந்தான் வாரத்துல எனக்குன்னு இருக்கிற நேரம். அதப் போயி புடுங்குறேங்கறாரு, ஒரு 'டிக்கு' கேக்கலன்னு!

போதகரு சம்பானி வாத்தியார வரச் சொன்னாரு, இலக்கணம் சொல்லட்டும்னு. நான் நெஞ்சுல பால வார்த்த மாதிரி நிமிந்து உக்காந்தேன். வந்தாரு. ஞாயித்துக்கிழமப் பள்ளி போர்ட இழுத்து வச்சாரு. மேக், லெட், கெட், ஹேவ்... திரும்பவும் மொதல்ல இருந்து! அரமணி நேரம்! பின்னாடி ரெண்டு கொழந்த தூங்கிருச்சு, அப்புறம் அதுங்களோட அம்மாவும். கடைசியா கைத்தூசியத் தட்டிக்கிட்டு, "ஆகவே, கடைசி வார்த்த காதுல விழலன்னா, ரெண்டு பொருளும் கொள்ளலாம்"னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு... பாடம் நடத்துனது நீரு, அத நம்பிப் போயிப் பேசுனது நானு! அந்த நேரத்துல கூட ஒரு பக்கம் சாய மாட்டேங்கறாரு மனுசன்!

நாசிபெகோ எந்திரிச்சா. அவளுக்கு இங்கிலீசுல 'குட்மார்னிங்' தவிர ஒண்ணும் தெரியாது. அதையும் சாயங்காலந்தான் சொல்லுவா. "போதகரய்யா, எனக்கு அந்தப் போர்டுல இருக்கிறது ஒண்ணும் புரியல. எலுபி சொன்னது இதுதான். எங்கள யாரும் வெட்ட வைக்கல. இந்த மூப்பர மட்டும் நாங்க வெட்ட வச்சோம். அதுதான் அவருக்கு வலிக்குது. சாமிய ஏன் நடுவுல இழுக்குறாரு?"ன்னா.

மொதல்ல ஒருத்தி 'க்ளுக்'குன்னா. அப்புறம் அவ பக்கத்துல இருந்தவ. அப்புறம் சபையே. சிபோண்டா ஐயா சம்சாரம் உள்பட! போதகரு தலையக் குனிஞ்சு ஜெபம் பண்ற மாதிரி உக்காந்திருந்தாரு, தோளு மட்டும் குலுங்குச்சு. தெளிஞ்சதும் சொன்னாரு, "மூப்பரே, இங்கிலீசுல கேட்டு வழக்குக் கொண்டு வர்றவங்களுக்கு, இங்கிலீசு முழுசாத் தெரிஞ்சிருக்கணும். நீரும் சாயங்கால வகுப்புல சேரும்"னுட்டாரு. நான் பாட்டுக் குழுவுலதான் இருக்கேன். குழாயும் வந்துருச்சு, அதோ நீலமாத் தெரியுதே, அதான். தொட்டி மழைக்கப்புறம் வருமாம்.

எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு நெனக்கிறீங்கள்ல? அங்கதான் இருக்கு. நேத்து நடந்ததச் சொல்றேன் கேளுங்க, அதான் எனக்கு இந்தத் தலவலி.

சிபோண்டா ஐயா வகுப்புக்கு வந்தாரு. எங்க பெஞ்சுலதான் எடம் இருந்துச்சு, என் பக்கத்துல வந்து உக்காந்தாரு. நானும் ஒண்ணும் சொல்லல. தள்ளித்தான் உக்காந்தேன், படிக்க வந்தவர நாம ஏன் சங்கடப்படுத்தணும். வாத்தியாரு, "ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்க, போன பாடத்துல இருந்து"ன்னாரு. இவரு எந்திரிச்சாரு. டையச் சரி பண்ணாரு. "ஐ ஹேட் எ கெனால் டக்"குன்னாரு.

நான் ஒரு வாய்க்கால வெட்ட வச்சேன்! என் பக்கத்துல நின்னுக்கிட்டு! என் காது மேல!

வாத்தியாரு என்ன செஞ்சாரு தெரியுமா? மூஞ்சியெல்லாம் பல்லு. "அருமை! பொருள் நடுவுல, வேல கடைசில, ஒரு எழுத்துப் பெசகல. முழு மார்க்கு!"ன்னாரு. நான் துள்ளி எந்திரிச்சேன். "சார், அது பச்சப் பொய்யி!"ன்னேன். "எலுபி, இது இலக்கண வகுப்பு. பொய்யா நெசமான்னு பாக்கறதுக்குக் கோர்ட்டு இருக்கு. நீ உன் வாக்கியத்தச் சொல்லு"ன்னாரு.

சொல்றேன்யா, நல்லாச் சொல்றேன்னு, நெசத்தச் சொன்னேன் தங்கச்சி. ஊரே பாத்த நெசத்தச் சொன்னேன். அந்த மனுசனக் கைய நீட்டிக் காட்டி, "வி மேட் ஹிம் டூ டிக்!" நாங்க இவர வெட்ட வச்சோம்! வகுப்பு முழுக்கக் கைதட்டு. சிபோண்டா ஐயா சுருங்கிட்டாரு. நான் மார நிமித்திக்கிட்டு நிக்கிறேன். வாத்தியாரு செவப்பு சாக்பீச எடுத்தாரு. "மேக் வந்தா, அதுக்கப்புறம் டூ வரக் கூடாது எலுபி. கெட்டுக்குத்தான் டூ. மேட் ஹிம் டிக். அன்னைக்கு வாய்க்கால்கிட்ட சரியாச் சொன்னியாமே, இன்னைக்கு என்ன ஆச்சு? அர மார்க்கு"ன்னாரு.

அர மார்க்கு! அவரு பொய்க்கு முழு மார்க்கு, என் நெசத்துக்கு அர மார்க்கு! நடுவுல நாய்க்குட்டி மாதிரி ஒரு 'டூ' ஓடி வந்துருச்சாம், அதுக்கு! சிபோண்டா ஐயா என்ன செஞ்சாரு தெரியுமா... குனிஞ்சு, மெல்ல, "பரவால்லம்மா, அடுத்த தடவ சரியா வரும்"னு எனக்கு ஆறுதல் சொல்றாரு! எனக்கு! நீங்களே சொல்லுங்க தங்கச்சி, இந்தப் பாஷைய வச்சுக்கிட்டு ஒரு நல்ல மனுசி எப்படிப் பொழைக்கிறது? நானும் கேக்குறேன், அந்த 'டூ'வ யாரு... 

ஏ, எங்க எந்திரிச்சுட்டீங்க? டயரு ஆயிருச்சா? ஆயிருக்காதே, அவன் இன்னும்... ஏ வைசா, முடிச்சுட்டியா? அட, சொல்லவே இல்ல! இருங்க தங்கச்சி, கேரட்டு... நல்லதா ஒரு கட்டு எடுத்து வச்சிருக்கேன், புது மண்ணு கூட ஒட்டிக்கிட்டு... இந்த ஒரு வார்த்தைய மட்டும் கேட்டுட்டுப்... தங்கச்சி! ஏ தங்கச்சி!

போயிட்டாங்க. வண்டிக் கதவக் கூடச் சரியாச் சாத்தாம.

என்னடா வைசா, எதுக்கு என்னய அப்படிப் பாக்குற? நான் ஒண்ணும் ஓட வைக்கல. அவங்களாத்தான் ஓடுனாங்க.